நெளிந்து நிற்கும் இத்தாலிய அலமாரி: மரத்தை வளைத்தார்களா?

அடுத்த கேள்வி. "பழைய வீடியோ கேசட்டில் படம் இழுத்துக்கொள்ளுமே, அதுபோல நெளிந்த மர அலமாரி ஒன்றின் படத்தைப் பார்த்தேன். இத்தாலியில் செய்தது என்கிறார்கள். அது கணினியில் செய்த படமா? நிஜமென்றால் மரத்தை எப்படி வளைத்தார்கள்? உள்ளே பொருள் வைக்க முடியுமா?"

நிஜம்தான். 'குட் வைப்ரேஷன்ஸ்' என்பது அதன் பெயர். 2013 மிலான் அறைகலன் கண்காட்சியை ஒட்டி வெளிவந்தது. வடிவமைத்தவர் ஃபெருச்சோ லாவியானி, செய்தது ஃப்ராடெல்லி போஃபி நிறுவனம். படம் வெளியானபோது பலருக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் வந்தது.

மரத்தை யாரும் வளைக்கவில்லை. ஆவியில் வைத்து வளைப்பது நாற்காலிச் சட்டம் போன்ற ஒல்லியான மரத்துக்குத்தான் சரிவரும். இது ஓக் மரத்தில் சிஎன்சி இயந்திரம், அதாவது கணினி சொல்கிறபடி வெட்டும் இயந்திரம், செதுக்கிய வேலை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பழங்காலப் பாணி அலமாரி, சித்திர வேலைப்பாடு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, திடீரென்று பட்டை பட்டையாகப் பக்கவாட்டில் விலகுகிறது. வேலைப்பாடும் அதோடு சேர்ந்தே இழுபடுகிறது. என்னை அசத்துவது இந்த இடம்தான்.

இயந்திரம் செய்தது என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தின் நார் ஓடும் திசையில் கத்தி போனால் வழவழப்பாக வெட்டும். எதிர்த்துப் போனால் பிய்த்துவிடும். இத்தனை நெளிவு உள்ள பரப்பில் திசை நொடிக்கு நொடி மாறும். மரம் அறிந்த ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் இது நடக்காது. அந்த ஆட்கள் மிலானுக்கு வடக்கே பிரியான்சா வட்டாரத்தில் இருக்கிறார்கள். கான்டூ, மேடா, லிசோனே என்று அங்கே ஊர் ஊராகத் தலைமுறைகளாக அறைகலன் தொழில்தான். பழைய பாணியைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர்களால்தான் அதை இவ்வளவு துல்லியமாகக் குலைக்கவும் முடிந்தது என்பது என் கருத்து.

இதை இத்தாலிய வடிவமைப்பாளர் எத்தோரே சோட்சாஸ் 1981இல் மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்பாளர் குழுவுக்காக வடிவமைத்த 'கார்ல்டன்' புத்தக அடுக்கோடு சேர்த்துப் பேசுவார்கள். அதுவும் சிற்பம் மாதிரித்தான் நிற்கும். ஆனால் அது பலகைகளைப் பொருத்தி, மேலே வண்ண லேமினேட் ஒட்டியது. மரம் கண்ணுக்கே தெரியாது. இரண்டும் வேறு வேறு வேலை.

பொருள் வைக்க முடியுமா? தாராளமாக. ஆனால் இப்படி ஆழமாகச் செதுக்க, மரம் தடிமனாக இருந்தாக வேண்டும். அந்தத் தடிமன் உள்ளே இடத்தைத் தின்றுவிடும். வெளியே தெரியும் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.