ஒன்றரை அங்குலப் பித்தளை ஒரு படகையே மூழ்கடிக்குமா? பழைய பாய்மரப் படகை நீங்களே பழுதுபார்க்கும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: கரையேற்றிய படகின் அடிப்பகுதி, ஒரு துளையை நெருங்கிச் செல்லும் கேமரா]

வணக்கம் நேயர்களே. திரையில் தெரியும் துளையின் விட்டம் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். நீர்மட்டத்திற்கு 60 சென்டிமீட்டர் கீழே இருக்கும் இந்தத் துளை திடீரென்று திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் அதிகமான கடல்நீர் படகுக்குள் பாயும். மணிக்கு 500 கேலன் என்று பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் சிறிய பில்ஜ் பம்ப், அதாவது படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்ப், புதிதாக இருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டரைத்தான் வெளியேற்றும். நீங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் 4 டன் தண்ணீர் உள்ளே சேர்ந்திருக்கும். ஆகவே இந்த வீடியோவை நிறுத்தும் முன், வால்வு உடைந்தால் துளையை அடைப்பதற்காக, ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற, ஒரு முனை கூரான மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றால் கட்டிவைக்க வேண்டும் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரும் கழிவறை நீரும் சமையலறைக் கழிவுநீரும் வந்துபோக, ஒவ்வொரு படகின் அடியிலும் இத்தகைய துளைகள் பல உண்டு; அவற்றை அடைத்து நிற்பவை உலோக வால்வுகள்.

பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1970களிலும் 1980களிலும் கண்ணாடியிழையால் கட்டப்பட்ட படகுகளின் உடல் இன்றும் உறுதியாக இருக்கிறது. உலோகம்தான் முதலில் மூப்படைகிறது.

அந்த வால்வு எந்த உலோகத்தால் ஆனது என்பதே இனி நமது கேள்வி. வெண்கலப் பானையில் பொங்கல் வைத்து, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்த குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இரண்டும் வேறு என்பதை அறிவார்கள். கடல் இன்னும் நன்றாக அறியும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. சாதாரண வால்வுப் பித்தளையில் ஏறத்தாழ 40 சதவீதம் துத்தநாகம் இருக்கலாம். உப்புநீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைத்து எடுத்துவிடுகிறது. எஞ்சுவது, வடிவத்தில் முன்பு போலவே இருந்தாலும் நுண்துளைகள் நிறைந்து வலிமையிழந்த செம்பு. வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. குழாயைச் சற்றுத் திருகும்போது அது பிஸ்கட்டைப் போல் உடைந்து கையோடு வந்துவிடும்.

சோதிக்கும் முறை எளிது. படகு கரையில் இருக்கும்போது, கூரான கத்தியால் உலோகத்தைச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகப் பளபளத்தால் நல்லது. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அந்த வால்வை அன்றே கழற்ற வேண்டும். சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டும்போது மணியோசைக்குப் பதிலாக மந்தமான ஓசை வந்தாலும் அதே முடிவுதான். தண்ணீரில் மிதக்கும் படகில் மட்டும் தயவுசெய்து சுத்தியலைத் தூக்காதீர்கள். புதிய படகு என்றாலும் நிம்மதி கொள்ள முடியாது: 1994-இல் வெளியான ஐஎஸ்ஓ 9093-1 என்ற தரநிலை, இந்த வால்வுகளின் உலோகம் 5 ஆண்டுகள் குறையின்றி இருந்தாலே அது அரிப்பைத் தாங்கும் உலோகம் என்று ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகள் ஓட்ட நினைத்து வாங்கும் பொருளுக்கு ஐந்தாண்டுத் தகுதி என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

[காட்சி: ஷாஃப்டில் பொருத்திய துத்தநாகக் கட்டி, பாதி அரிக்கப்பட்ட நிலையில்]

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சற்று நீளமாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பித்தளைக்குள் இருந்தபோது வால்வையே வீழ்த்திய அதே துத்தநாகத்தை, ஒரு கட்டியாக வெளியே பொருத்தினால் அது மற்ற உலோகங்களைக் காக்கிறது. கடல்நீரில், வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை ஒப்பீட்டுக்கு வைத்து அளந்தால், வெண்கலம் ஏறத்தாழ மைனஸ் 0.3 வோல்ட் காட்டும். துத்தநாகம் மைனஸ் 1 வோல்ட் அளவில் நிற்கும். இரண்டையும் கம்பியால் இணைத்தால் எதிர்மம் அதிகமுள்ள துத்தநாகமே கரையும், வெண்கலம் தப்பிக்கும்.

இந்த உத்தி இருநூறு ஆண்டுப் பழமையுடையது. பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களுக்கு அடியில் போர்த்திய செம்புத் தகடுகள் அரித்துப்போவதைத் தடுக்க வழி தேடிய ஹம்ப்ரி டேவி, 1824-இல் செம்பின்மீது துத்தநாகமோ இரும்போ பொருத்தினால் போதும் என்று காட்டினார். சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல்களில் ஒன்றான சமராங், நம் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822-இல் நீரில் இறக்கப்பட்டது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வார்ப்பிரும்புக் கட்டிகள் பொருத்திய அந்தக் கப்பல் நோவா ஸ்கோஷியா வரை சென்று திரும்பியது. செம்புத் தகடு அரிக்கப்படவே இல்லை. டேவி வெற்றி பெற்றார் என்று நினைக்கிறீர்களா? தகடு முழுவதும் கொட்டலசும் பாசியும் அப்பிக்கிடந்தன! செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சாக மாறியதால்தான் அதுவரை எந்த உயிரும் அதில் ஒட்டவில்லை. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றுபோயிற்று. கப்பல்கள் வேகமிழந்ததால் கடற்படை சில ஆண்டுகளுக்குள் திட்டத்தைக் கைவிட்டது. இன்று நாம் அடிப்பகுதியில் பூசும் செம்புச் சேர்மம் கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட், கரைவதற்காகவே செய்யப்படுகிறது என்பதை இந்தக் கதை விளங்கவைக்கிறது.

அந்தப் பெயின்டைத் துத்தநாகக் கட்டியின்மீது மட்டும் பூசிவிடாதீர்கள். பூசினால் அது வெறும் எடை. கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். ஆண்டுகள் ஆகியும் கரையாத கட்டியைக் கண்டு மகிழவும் வேண்டாம். அது வேலை செய்யவில்லை என்றே பொருள். அதில் இரும்புக் கலப்பு 0.005 சதவீதத்தைத் தாண்டினாலே மேற்பரப்பில் படலம் கட்டிச் செயலிழக்கும் என்பதால், கண்ட இடத்தில் கிடைக்கும் துத்தநாகத்தை உருக்கி ஊற்றும் சிக்கனம் இங்கே உதவாது. ஆற்றுநீர் கலந்து உப்பு குறையும் இடங்களிலும் துத்தநாகத்தின்மீது இதே போன்ற படலம் உருவாகிறது. சுங்கை பினாங்கும் சுங்கை பிறையும் வந்து கலக்கும் நம் நீரிணையில், மழைக்காலங்களில் ஆற்றுவாய்க்கு அருகே படகை நிறுத்துபவர்கள் அலுமினியக் கலவைக் கட்டியைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு வகையையும் ஒரே படகில் கலந்தால் அலுமினியம் முதலில் கரைந்துவிடும்.

தஞ்சோங் தோக்கோங்கில் உள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் கீ போன்ற ஒரு மெரினாவில் கரை மின்சாரத்தை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. மின்சாரக் கம்பியின் எர்த் வயர் எல்லாப் படகுகளின் உலோகத்தையும் ஒன்றாக இணைத்துவிடுவதால், பக்கத்துப் படகுக்காரர் தம் கட்டியை மாற்றாமல் இருந்தால் உங்கள் கட்டிதான் அவர் படகையும் காக்கும். இந்தத் தர்மத்தை விரும்பாதவர்கள், சிறிய மின்னழுத்தத்தைத் தடுத்து ஆபத்தான மின்கசிவை மட்டும் கடத்தும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவியை எர்த் வயரில் பொருத்தலாம். எர்த் வயரையே வெட்டிவிடும் யோசனை உயிரைப் பறிக்கும்; அதைச் சொல்பவரிடம் வேறு யோசனை எதையும் கேட்காதீர்கள்.

[காட்சி: கிரைண்டர், பழைய வால்வு, புதிய வால்வு]

இப்போது வால்வை மாற்றுவோம். படகு கரையேற வேண்டும். அதற்கு நம்மவர்கள் பலர் லங்காவியை ஒட்டிய ரெபாக் தீவுக்கோ பங்கோருக்கோ செல்கிறார்கள். படகின் உடலை ஊடுருவி வால்வோடு இணையும் பழைய குழாயின் வெளி விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து அகற்றினால் மீதி உள்ளே தள்ளிவிடலாம். புதியதை வாங்கும்போதுதான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். நம் ஊர் ஹார்ட்வேர் கடைகளில் கிடைப்பது பிரிட்டிஷ் மரை. அமெரிக்காவில் கட்டிய படகில் இருப்பது அமெரிக்க மரை. ஒன்றரை அங்குலக் குழாயில் முன்னதற்கு அங்குலத்துக்கு 11 மரைகள், பின்னதற்கு 11½. அந்த அரை மரையால், இரண்டு மூன்று சுற்றுகள் நன்றாக ஏறிப் பிறகு இறுகி நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். இரண்டு மூன்று மரைகள் தாங்கும் வால்வு ஒரு மிதி பட்டாலே போதும், கழன்றுவிடும். கடையில் குவிந்திருக்கும் வீட்டுக் குழாய் வால்வுகள் பெரும்பாலும் பித்தளை என்பதையும் மறக்க வேண்டாம். வெண்கலம் அல்லது கண்ணாடியிழை கலந்த நைலான் வால்வையே கேட்டு வாங்குங்கள்.

உட்புறத் தாங்குப் பலகைக்கு ஒட்டுப்பலகையைத் தவிர்த்துக் கண்ணாடியிழைத் தகட்டை எப்பாக்சியால் ஒட்டுங்கள். நம் வெயிலில் வேகமான ஹார்டனர் கலக்கும் கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடும் என்பதால் மெதுவானதையே தேர்ந்தெடுங்கள். குழாயைச் சுற்றிப் பாலியூரித்தேன் சீலன்ட் பூசுங்கள். சிலிக்கான் நீருக்கு அடியில் வேண்டாம். ஹோஸ் கிளிப்பில் பட்டை நல்ல எஃகாகவும் திருகு சாதாரண இரும்பாகவும் இருப்பது உண்டு; ஒரு காந்தத்தைத் திருகில் வைத்துப் பாருங்கள், பலமாக ஒட்டினால் வாங்காதீர்கள்.

அமெரிக்க மரையுள்ள வெண்கல வால்வைப் பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பில் வைத்திருக்கும் கடையை அறிந்தவர்கள், கடையின் பெயரையும் கிடைக்கும் அளவுகளையும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதை எல்லோருக்கும் தெரியும்படி மேலே பின் செய்துவைக்கிறேன்.