சேலி கோலியை எங்கே தேடுவாள்?

நேயர்களுக்கு வணக்கம். இரண்டு பொம்மைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி சேலி, மற்றவள் ஆன். சேலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அந்த நேரத்தில் ஆன் அதை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் சேலி கோலியை எங்கே தேடுவாள்?

கூடையில் என்று சொல்லியிருப்பீர்கள். கோலி பெட்டியில் இருப்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நாம் அறிந்ததை ஒதுக்கிவிட்டு அவள் அறிந்ததைக் கொண்டு விடை சொல்ல வேண்டும்.

1985ஆம் ஆண்டு சைமன் பேரன்-கோகன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் ஆட்டிசம் உள்ள, அதாவது பிறரோடு பழகும் விதமும் புலனுணர்வும் பிறவியிலேயே மாறுபட்டிருக்கும் 20 குழந்தைகளிடம் இதைக் கேட்டபோது, 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். கோலி முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அத்தனை பேரும் சரியாகவே விடை சொன்னார்கள் என்பதால், இதை மறதி என்று சொல்ல முடியாது. அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 குழந்தைகளில் 12 பேர் கூடையைக் காட்டியதால், அறிவுத்திறன் குறைவு என்றும் சொல்வதற்கில்லை.

அருமையான ஆய்வு. ஆனால் கூடையைச் சரியாகக் காட்டிய நால்வரை மறந்துவிடாதீர்கள். "ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியாது" என்று இந்த ஆய்வு ஒற்றை வரியாகச் சுருக்கப்பட்டபோது அந்த நால்வரும் காணாமற்போனார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரக்கமே கிடையாது என்றுகூடச் சிலர் பேசத் தொடங்கினார்கள். இது பெரும் அநீதி. ஒருவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அவர் துயரம் கண்டு வருந்துவது வேறு. அம்மா ஏன் அழுகிறாள் என்று ஊகிக்க முடியாத பிள்ளையும் அவள் அழுவதைத் தாங்கமாட்டாமல் தவிப்பதுண்டு.

நாம் மட்டும் அவர்களைப் புரிந்துகொள்கிறோமா? குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை அடம்பிடிக்கிறது என்கிறோம். அந்த ஓசை அதற்கு எத்தகைய வேதனை என்று நமக்கு எட்டுவதில்லை. தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், இருபக்கமும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். ஆகவே ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஆய்வாளர் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் எட்டெட்டுப் பேர் கொண்ட வரிசைகளை அமைத்து, ஒரு கதையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சொல்லச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசைகளில், மற்றவர்கள் மட்டுமே இருந்த வரிசைகளுக்கு இணையாகக் கதை நிலைத்தது; இரு சாராரும் கலந்திருந்த வரிசைகளில்தான் அது அதிகமாகச் சிதைந்தது. நன்றி, வணக்கம்.