ஏலாக்குறிச்சியின் 'ஏ'

வணக்கம் மக்களே. கொள்ளிடம் பாலத்தில் நிற்கிறேன், காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் கிளம்பி வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி எல்லாம் தாண்டி இது ஆறாவது ஆறு. அக்கரையில் திருமானூர். அங்கிருந்து ஏலாக்குறிச்சி போகிறோம்.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஞாபகம் இருக்கிறார்களா? ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பார்களே! சின்ன வயதில் அதை ஏதோ பாட்டி கதை என்றே நினைத்திருந்தேன். அதை எழுதியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. நம் வீரமாமுனிவர்தான். இயேசு சபைத் துறவியாக 1710-இல் இந்தியா வந்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அங்குள்ள அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார்.

அப்புறம் தேம்பாவணி. 3615 பாட்டு! இயேசுவை வளர்த்த சூசையப்பர்தான் காப்பியத் தலைவர். அவருக்கு வைத்த பெயர் வளன். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள், அதைத்தான் தமிழாக்கினார். யூதேயாவை வர்ணிக்கும்போதும் நம் மருத நிலம் மாதிரி வயலும் நீருமாகப் பாடுகிறார். இந்தக் கரையில் நின்று அதைப் படித்துப் பாருங்கள், வெளிநாடு என்றே தோன்றாது.

எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இன்னும் சின்ன விஷயம். அந்தக் காலத்தில் 'எ' மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். எழுதியிருப்பது எரியா, ஏரியா? முன்பின் படித்து ஊகிக்க வேண்டும். இவர்தான் நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து 'ஏ' ஆக்கினார், 'ஒ'வைச் சுழித்து 'ஓ' ஆக்கினார். கொம்பையும் சுழித்தார், அதனால் கெடு வேறு, கேடு வேறு. தாய்மொழிக்காரர்கள் பழகிப்போய் விட்டுவிட்டதை, வளர்ந்த பிறகு தமிழ் கற்றவர் கவனித்திருக்கிறார். தட்டுத்தடுமாறிப் படித்த ஒருவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும் என்று நினைக்கிறேன்.

சரி, வண்டியை எடுக்கிறேன். ஊர்ப் பெயர்ப்பலகை வந்ததும் கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். ஏலாக்குறிச்சியின் முதல் எழுத்தில், கீழே இறங்கும் அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள்.