மிதித்த புல் ஒன்றுதான், சிறை ஒருவருக்கு மட்டும்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற மரியாதைகளை நடுவர் என் சார்பில் செய்துகொள்ளட்டும். மணி அவர் கையில் இருக்கிறது.

"1896 தேர்தலில் அமெரிக்க உழவருக்குத் துணை நின்றது தங்கமா, வெள்ளியா?" இதுதான் தலைப்பு. தங்கத்தை மட்டும் பணத்துக்கு அடிப்படையாக வைப்பதா, வெள்ளியையும் தாராளமாக நாணயமாக அடிப்பதா என்பதுதான் அந்த அதிபர் தேர்தலின் சண்டை. எனக்கு முன் பேசிய தங்க அணிச் சகோதரர் வெள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றைப் பற்றிப் பேசினார். அந்தத் தேர்தலில் வெள்ளிக்காக வாதாடிய வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பிளாட் ஆறு ஓடும் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். "அந்த ஆற்றுக்கு ஆழம் ஆறு அங்குலம், வாய் மட்டும்தான் அகலம்" என்று ஒஹாயோ மாநில அரசியல்வாதி ஃபோரேக்கர் அந்தக் காலத்தில் அடித்த நக்கலை எடுத்துவந்து, "பிரையனும் அவ்வளவுதான்" என்று முடித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நல்ல நக்கல்.

ஆனால் சகோதரரே, மேற்கே குடியேறப் போன மாட்டுவண்டிகள் எந்த வழியாகப் போயின? அந்தப் பிளாட் ஆற்றங்கரை வழியாக! ஒரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் குஞ்சு குளுவானோடு போன லட்சக்கணக்கான பேர் அந்த ஆறு அங்குலத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மாடும் அதைத்தான் குடித்தது. நியூயார்க்கில் ஹட்சன் ஆறு இருக்கிறது, நல்ல ஆழம், ஒத்துக்கொள்கிறேன். அதன் பக்கத்தில் இருந்த வங்கிகளின் பெட்டகம் அதைவிட ஆழம். கடன்பட்ட எந்த உழவனுக்கு அங்கே தாகம் தீர்ந்தது? ஆழமாக இருந்து என்ன செய்ய, இறங்கினவன் ஏறிவர வேண்டாமா?

வாய் அகலம் என்றீர்கள். 36 வயதில் அந்த வாய் ரயிலில் 18,000 மைல் சுற்றி, ஏறத்தாழ 600 கூட்டங்களில் பேசியது. எதிர்த்து நின்ற உங்கள் தங்க வேட்பாளர் மெக்கின்லி எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை, கேன்டன் ஊரில் தன் வீட்டு முன்வாசலிலேயே நின்றார். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் கணக்கை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவர் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்.

1873-இல் ஒரு சட்டம் போட்டு வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்தினார்கள். மக்கள்தொகை பெருகியது, விளைச்சல் பெருகியது, பணம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. விலை சரிந்தது. கோதுமை ஒரு புஷல், அது அங்கத்திய தானிய அளவு, ஒரு டாலர் விற்றபோது ஓர் உழவன் ஆயிரம் டாலர் கடன் வாங்கினான் என்று வையுங்கள். ஆயிரம் புஷல் போட்டால் கடன் தீரும். 1894-இல் கோதுமை ஐம்பது சென்ட். இப்போது இரண்டாயிரம் புஷல் போட வேண்டும், வட்டி தனி. அதனால்தான் பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக அடியுங்கள் என்று கேட்டார்கள். நம் ரூபாயும் இந்தக் கதையில் உண்டு: 1893 ஜூனில் பிரிட்டிஷ் அரசு இந்திய நாணயச்சாலைகளில் பொதுமக்களின் வெள்ளிக்குக் கதவைச் சாத்தியது, உலகச் சந்தையில் வெள்ளி விலை இன்னும் விழுந்தது. கணக்கு முடிந்தது. கதைக்கு வருவோம்.

ஒஹாயோவில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள், மாசிலன், கேன்டன். நடுவே பத்து மைல்கூட இருக்காது. மாசிலனில் ஜேக்கப் காக்ஸி என்றொருவர். கல்குவாரி முதலாளி, ஏழையல்ல. 1893-இல் வங்கிகள் விழுந்து, ஊரெல்லாம் வேலையில்லாதவர்கள். இவர் சொன்னார்: "அரசு 50 கோடி டாலர் காகிதப் பணம் அச்சடிக்கட்டும், சாலை போடட்டும், கூலி கொடுக்கட்டும்." சொன்னதோடு நிற்கவில்லை, பிறந்த பிள்ளைக்கு 'லீகல் டெண்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். சட்டப்படி செல்லுபடியாகும் பணம்! யோசித்துப் பாருங்கள், தெருவில் நின்று அந்தத் தாய், "செல்லுபடி... சாப்பிட வாப்பா!" அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சந்தேகமில்லாமல் செல்லுபடியான ஒரே பணம் அந்தக் குழந்தைதான்!

1894 ஈஸ்டர் ஞாயிறன்று வேலையில்லாதவர்களைத் திரட்டிக்கொண்டு காக்ஸி வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். மே 1 அன்று நாடாளுமன்ற மாளிகைக்குப் போனார். படியில் நின்று பேச வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பேச விடவில்லை. பிடித்தார்கள், வழக்குப் போட்டார்கள், 20 நாள் சிறை. குற்றம் என்ன? நடுவர் அவர்களே, நீங்களே கேளுங்கள், என்ன குற்றம்? புல்லை மிதித்தாராம்! வேலை கேட்டது குற்றமில்லை, சோறு கேட்டது குற்றமில்லை, புல்லு!

இரண்டே வருடம். பக்கத்து ஊர் கேன்டன். மெக்கின்லியைப் பார்க்க ரயில் ரயிலாகக் கூட்டம். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தன. அவருடைய தேர்தல் வேலையை நடத்திய மார்க் ஹன்னா 35 லட்சம் டாலர் வசூலித்து வைத்திருந்தார். ஏழரை லட்சம் பேர் வந்தார்கள் என்கிறார்கள். வந்தவர்கள் வேலிக் கட்டையை ஞாபகத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டு முன்னால் இருந்த புல்? ஏழரை லட்சம் பேருக்கு இரட்டைக் கால், பதினைந்து லட்சம் கால்! காக்ஸிக்குப் போட்ட கணக்கில் போட்டால், ஒஹாயோவையே சுவர் கட்டிச் சிறையாக்க வேண்டும். ஒரு போலீஸ் வந்தாரா? வீட்டுக்காரர் வெள்ளை மாளிகைக்குப் போனார்.

சகோதரர் எழுந்து நிற்கிறார். தெரியும், "காக்ஸி கேட்டது காகிதப் பணம், வெள்ளியல்ல" என்பார். உண்மைதான். உட்காருங்கள். பட்டினி கிடந்தவனுக்கு அது காகிதமா, வெள்ளியா என்ற பேதம் தெரியாது. "பிரையன் தேர்வாளர் வாக்கில் 176-க்கு 271 என்று தோற்றாரே" என்பார். தோற்றார். அப்புறம் தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் க்ளோண்டைக்கிலும் தங்கம் கொட்டியது, பணம் பெருகியது, விளைபொருள் விலை ஏறியது. பணம் போதவில்லை என்று வெள்ளிக்காரன் சொன்னதை உங்கள் தங்கமே வந்து நிரூபித்தது.

இன்னும் ஒன்றே ஒன்று, ஐயா, மணியடிக்காதீர்கள். காக்ஸி அத்தோடு போய்விடவில்லை. சரியாக 50 வருடம் கழித்து, 1944 மே 1, மறுபடி அதே படிக்கு வந்தார். வயது 90. இந்த முறை அனுமதி கொடுத்தார்கள். 1894-இல் பேச விடாத அதே உரையை அங்கே வாசித்தார். அவரோடு நடந்து வந்த எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள்? அம்மா, முன்வரிசையில் கண்ணைத் துடைக்கிறீர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் ஏதோ ஒரு அலுவலகத்துக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். அவர் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவர் அவர்களே, நீங்களும் நினைத்துக்கொண்டு தீர்ப்பை எங்கள் அணிக்குக் கொடுங்கள். வணக்கம்.