ஜாப் கார்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளை டீலரிடம் சர்வீஸுக்கு விட்டு எடுத்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "சொன்ன எதையும் பார்க்கலை, கழுவி மட்டும் கொடுத்திருக்காங்க" என்பார்கள். சர்வீஸ் வேலையிலேயே நெடுநாள் இருந்தவன் நான். இந்தப் புலம்பல் பெரும்பாலும் நியாயமானதுதான்.

ஏன் இப்படி நடக்கிறது? டீலரிடம் உங்களோடு பேசுகிறவர் ஒருவர், வண்டியில் கை வைக்கிறவர் வேறொருவர். கவுன்ட்டரில் சர்வீஸ் அட்வைசரிடம் ஒரு சத்தத்தைப் பற்றி விலாவாரியாகச் சொல்கிறீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே ஜாப் கார்டில், அதாவது செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் அட்டையில், "நாய்ஸ் செக்" என்று எழுதுகிறார். உள்ளே மெக்கானிக்குக் கிடைப்பது அந்த இரண்டு சொல் மட்டுமே. ஸ்டாண்ட் போட்ட வண்டியை ஸ்டார்ட் செய்து, ரெண்டு முறுக்கு முறுக்கிப் பார்ப்பார். சத்தம் வராது. "ஓகே" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அன்றைக்கு முடிக்க வேண்டிய வண்டிகள் அவர் பின்னால் வரிசையாக நிற்கும்.

ஆகவே உங்கள் குறை அந்த அட்டையில் முழுசாக ஏற வேண்டும். "சத்தம் வருது" என்று சொன்னால் போதாது. "இன்ஜின் சூடான பிறகு, மூன்றாவது கியரில், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது, வலது பக்கம் கடகடவென்று சத்தம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஓடோமீட்டர் அளவு, பெட்ரோல் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மாற்றும் பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்த அப்புறம்தான் கையெழுத்து.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பளபளப்பில் மயங்க வேண்டாம். வாட்டர் வாஷ் ஒன்றுதான் எந்த சர்வீஸிலும் தவறாமல் நடக்கிற வேலை!

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். முதலில் செயின். கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். செயின் சத்தம் என்று சொன்னதற்காக விறைப்பாக இழுத்துக் கட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. அது லூஸாக இருப்பதைவிட மோசம். ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அந்த இழுவை இன்ஜின் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், அதன் பக்கத்து பேரிங்கில் விழும். பின் சக்கர ஆக்ஸில் அருகே இரு பக்கமும் கோடுகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஆக்ஸில் ஒரே அளவு கோட்டில் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பிரேக் பேட் மாற்றியிருந்தால், கிளம்பும் முன் லீவரை நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள். பேடை அழுத்துகிற பிஸ்டனைப் புது பேடுக்காக உள்ளே தள்ளியிருப்பார்கள்; அது வெளியே வராமல் இருந்தால், முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. ரோட்டில் போய் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

பில்லில் "டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்" இருக்கிறதா? இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதுதான் அது. அந்த இடைவெளியை இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும். காலையில் ஓட்டிக்கொண்டு வந்து விட்ட வண்டி, ஒரு மணி நேரத்தில் டேப்பெட் பார்த்து ரெடி என்றால், பார்த்திருக்கவே மாட்டார்கள், அல்லது தப்பாகப் பார்த்திருப்பார்கள்.

ஆயிலுக்கு வருவோம். கியர் வைத்து ஓட்டும் வண்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் கிளட்ச் இன்ஜின் ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. அதற்கென்று ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர நிர்ணயம்) எம்ஏ, எம்ஏ2 என்று தர வகைகள் இருக்கின்றன. எம்பி என்று போட்ட ஆயில் வழுக்கல் கூடியது; அதை ஊற்றினால் கிளட்ச் நழுவலாம். எந்த ஆயில் என்று பில்லில் பாருங்கள். அளவு பார்க்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்கட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆயில் கூடிப் போனாலும் தொல்லைதான், இன்ஜின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறிவிடும்.

அப்புறம், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்த ட்ரெயின் போல்ட். போல்ட் இரும்பு, அது ஏறுகிற இன்ஜின் கேஸ் அலுமினியம். பல வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்கச் சோம்பேறித்தனப்பட்டு, நீளமான ஸ்பேனரில் உடம்பு பலம் முழுவதையும் காட்டினால் மரை போய்விடும். அது அன்றைக்குத் தெரியாது. அடுத்த சர்வீஸில் போல்ட்டோடு மரையும் சுருள் சுருளாக வரும். போன தடவை யார் இறுக்கினார் என்று அங்கே யாருக்கும் நினைவிருக்காது. வீடு வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்திருந்தாலும் படம் எடுத்து, உடனே தகவல் சொல்லுங்கள்.

குறை தெரிந்ததும் வெளி மெக்கானிக்கிடம் பிரித்துக் காட்டிவிடாதீர்கள். அப்புறம் "வெளியே கை வைத்திருக்கிறார்கள்" என்று டீலர் கழன்றுகொள்வார். பழைய ஜாப் கார்டோடு போங்கள். சத்தம் போட வேண்டாம், கவுன்ட்டரில் அதற்குப் பழகிப்போனவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதே குறை, சரியாகவில்லை" என்று புது ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக "விட்டுட்டுப் போங்க சார், பாத்துடலாம்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஒரே குறை இரண்டு தடவை பதிவாவது அவர்களுக்குப் பிடிக்காது. சத்தம் ஓடும்போது மட்டும்தான் வருகிறது என்றால், மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். வண்டியில் கை வைக்கிறவருக்கு நேரடியாகச் சொல்ல அது நல்ல வாய்ப்பு.

அதற்கும் மசியவில்லையென்றால், ஜாப் கார்டு எண்கள், தேதிகள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வண்டித் தயாரிப்பு நிறுவனத்துக்கே எழுதுங்கள். சர்வீஸ் முடிந்த ஓரிரு நாளில் அவர்களிடமிருந்து போனும் வரக்கூடும். அதற்கு முன்பே அட்வைசர் கூப்பிட்டு, "கம்பெனியிலேர்ந்து கேப்பாங்க, எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க சார்" என்று குழைவார். பாவம், மதிப்பெண் குறைந்தால் அவருக்குத் திட்டு விழும். ஆனாலும் வண்டி சரியாகிற வரை அந்தப் போனில் நல்லா இருந்தது என்று சொல்லாதீர்கள். எது சரியாகவில்லை என்று ஜாப் கார்டு எண்ணோடு சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.