ஆழித்தேரும் பந்தயக் காரும்

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் பழைய கார்களைச் சரிபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கார்ப் பந்தயங்களில் எந்தக் காரைச் சேர்ப்பார்கள், எதைத் திருப்பி அனுப்புவார்கள் என்று பேசச் சொன்னார்கள். காவிரிக்கரையில் உட்கார்ந்து மொனாக்கோ கார்ப் பந்தயக் கதை பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். திருவாரூர் வழியாகப் போனால் அது பக்கம்தான்.

ஆழித்தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. 1930-ல் புதிதாகச் செய்து ஓடவிட்டார்கள். பிறகு ஒரு காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது. இப்போது வீதியில் அசைந்து வருவது பழைய தேரா, புதுத் தேரா? திருவாரூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முறைப்பார். முட்டுக்கட்டை போடுகிறவரின் உயிருக்காக வந்த பிரேக் அது. தேரை வேகமாக ஓட்டிக் காட்ட வந்தது அல்ல.

பந்தய விதியும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. எஃப்.ஐ.ஏ. என்ற உலக மோட்டார் கூட்டமைப்பின் சட்டத்தில் 'பின்னிணைப்பு கே' என்று ஒரு பகுதி உண்டு. கார்களைக் காலவாரியாகப் பிரித்து, ஆளுக்கொரு எழுத்துக் கொடுத்திருக்கிறது. 1931 முதல் 1946 வரை டி. 1947-ல் ஈ தொடங்கும். அப்புறம் எஃப், ஜி என்று போகும்.

கார் பழையதாக இருந்தால் போதும் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறோம். அது போதாது. அந்த மாடல் அதன் காலத்தில் பந்தயத்தில் எப்படி ஓடியதோ, அப்படியே இருக்க வேண்டும். 1960-ல் டிரம் பிரேக்கோடு ஓடிய காருக்குப் பிற்காலத்து டிஸ்க் பிரேக்கை மாட்டினால், நிற்பது நன்றாகத்தான் நிற்கும். சோதனையில் தேறாது. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கம்பி, பெல்ட், தீயணைப்பான் இவற்றுக்கு மட்டும் வழி உண்டு. தேர்ப் பிரேக் மாதிரி.

சரி, அந்தக் காலத்தில் என்ன இருந்தது என்று யார் சொல்வது? நாம்தான் நிரூபிக்க வேண்டும். அந்த நாளில் கம்பெனி விண்ணப்பித்து வாங்கிய அங்கீகாரப் பத்திரம், பத்திரிகைச் செய்தி, பந்தயத்தில் எடுத்த படம், இவைதான் சாட்சி. அந்தப் பத்திரமும் லேசில் கிடைத்ததில்லை. 1969-ல் போர்ஷே 917 என்ற பந்தயக் காருக்கு அது வேண்டுமானால் 25 கார் செய்து காட்ட வேண்டும் என்றார்கள். முதலில் வந்து பார்த்தபோது எண்ணிக்கை குறைவு என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். ஏப்ரலில் கம்பெனி 25 காரையும் வரிசையாக நிறுத்திக் காட்டியது.

சாட்சி சரியாக இருந்தால் காருக்கு ஒரு தொழில்நுட்பக் கடவுச்சீட்டு கிடைக்கும். பத்து வருஷம் செல்லும். ஆனால் ஒரு வேடிக்கை: பழைய அமைப்பு பிசகாமல் நேற்றுச் செய்த காருக்கும் அது கிடைக்கலாம்! அமைப்பு சரி என்பதற்குத்தான் அந்தச் சீட்டு. இதுதான் பழைய கார் என்று அது சாட்சி சொல்லாது. இதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1930-ல் செய்த தேரை நினைத்தால் வாய் அடைத்துப்போகிறது.

சோழவரம் விமான ஓடுதளத்தில் முன்பு பந்தயம் நடந்தபோது எடுத்த படம் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து போகிக்குக் கொளுத்திவிடாதீர்கள். அதில் தெரியும் ஒரு கார்புரேட்டர் யாருக்காவது வழக்கை ஜெயித்துக் கொடுக்கும்.

பந்தயம் வேண்டாம், வண்டியை வைத்திருந்தால் போதும் என்பவர்களுக்கும் நம் நாட்டில் 2021-ல் ஒரு விதி வந்தது. 50 வருஷம் தாண்டிய கார், பைக்குக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் கொடுப்பார்கள். சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. தினப்படி ஓட்டமும் கூடாது.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி அப்பாவின் அம்பாசடரோடு வந்தார். வி.ஏ. நம்பர் வாங்கித் தாருங்கள் அண்ணே என்றார். பானெட்டைத் திறந்தேன். உள்ளே டீசல் எஞ்சின். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அவர் அப்பா கேட்டு, நான்தான் மாட்டிக் கொடுத்தேன். கழற்றிய எஞ்சினை எடைக்குப் போட்டதும் நான்தான்.