கள்ள முழியைக் கமரா பிடிக்குமா?

[திரையில்: வெள்ளவத்தை, காலி வீதி, காலை நேரம்]

வணக்கம். "கள்ள முழி முழிக்கிறான்" என்று சொல்லாத வீடு நம்மிடம் இருக்கிறதா? முறுக்கு டப்பா காலியாக இருந்தால் அம்மா முதலில் பார்ப்பது பிள்ளையின் கண்ணைத்தான். இப்போது அதே வேலையை ஒரு கமராவும் கணினியும் செய்யும், அரை மணி நேரத்தில் பொய்யரைக் காட்டித் தரும் என்று சொல்லி விற்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதையும், கொழும்பில் ஒரு தமிழரை அந்தத் திரைக்கு முன்னால் இருத்தினால் என்ன நடக்கும் என்பதையும் பார்ப்போம்.

நேற்று இரவு தங்கச்சியை மேசை விளக்குக்குப் பக்கத்தில் இருத்தி, போன் கமராவைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, 17ஐ 14ஆல் பெருக்கச் சொன்னேன். மனக்கணக்கு, எழுதக் கூடாது.

[திரையில்: ஒரு கண், மிக நெருக்கமாக]

நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் பாவை. அவள் கணக்கைத் தொடங்கியதும் அது மெல்ல விரிகிறது, 238 என்று சொல்லி முடித்ததும் சுருங்குகிறது. விளக்கை யாரும் தொடவில்லை. 1966இல் உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஜாக்சன் பீற்றியும் அளந்து காட்டியது இதைத்தான்: மனதில் பிடித்து வைக்க வேண்டிய இலக்கங்கள் கூடக் கூடப் பாவை விரியும். வெளிச்சத்துக்கு அது ஏறக்குறைய 2 மில்லிமீற்றரிலிருந்து 8 வரை போய் வரும், யோசனைக்கு அரை மில்லிமீற்றர் விரிந்தாலே பெரிது. அதிலும் எங்கள் கண் கடும் பழுப்பு, பாவை எங்கே முடிகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். அதனால் கருவிகள் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. அந்த ஒளி நமக்குத் தெரியாது, ஆனால் அதில் பழுப்பு நிறம் வெளிறிப் பாவை மட்டும் கறுப்பாக எடுபடும். கண்ணின் மேல் ஒரு சின்ன ஒளிப்புள்ளியும் விழும். அந்தப் புள்ளிக்கும் பாவையின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை வைத்து, திரையில் எந்தச் சொல்லைப் பார்க்கிறீர்கள் என்று கணினி கணக்குப் போட்டுவிடும்.

சரி, இதில் பொய் எங்கே வந்தது? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைப் போலியாக ஒரு குற்றம் செய்ய வைத்து, பிறகு எல்லோருக்கும் திரையில் வாக்கியங்களைக் காட்டி, சரி, பிழை என்று பதில் வாங்கினார்கள். சில வாக்கியங்கள் அந்தக் குற்றத்தைப் பற்றியவை, சில வேறு விசயத்தைப் பற்றியவை. பொய்யைக் காப்பாற்றுகிறவருக்கு மூளையில் வேலை கூட, அது பாவையிலும் வாசிக்கும் விதத்திலும் தெரியும் என்பதுதான் எண்ணம். இந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது, 2014இல் ஐ-டிடெக்ட் என்ற பெயரில் சந்தைக்கும் வந்தது. (மேலே வலப்பக்கம் பார்த்தால் பொய், இடப்பக்கம் பார்த்தால் உண்மை என்ற கதையை இதோடு சேர்க்காதீர்கள். அதைச் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று 2012லேயே சொல்லிவிட்டார்கள்.)

விற்கிறவர்கள் சொன்ன துல்லியம் 86 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புறக்கோட்டையில் 100 பேர் வேலை செய்யும் ஒரு கடையில் ஒருவர் மட்டும் கல்லாவில் கைவைத்திருக்கிறார், 100 பேரையும் சோதிக்கிறோம் என்று வையுங்கள். அந்த ஒருவர் அகப்படலாம். கூடவே நேர்மையான 99 பேரில் சுமார் 14 பேரையும் கருவி பொய்யர் என்று சொல்லும். பிள்ளைகுட்டியோடு இருக்கிற 14 பேர்.

இனி எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருவி பொய்யை அளக்கவில்லை, மூளை படும் பாட்டை அளக்கிறது. ஏதாவது ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் என் அப்பா வாசிப்பதைப் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஆள்காட்டி விரல் நகரும், பாதி வரியில் நிற்கும், திரும்ப முதல் சொல்லுக்குப் போகும், உதடு சத்தமில்லாமல் அசையும். பேசும்போது தண்ணீர் பட்ட பாடாக வரும் மொழி, எழுத்தில் வந்தால் மலை. அவர் கண்ணைக் கமராவில் பிடித்தால் என்ன எழுதும்? ஒரே ஆளின் இரு வகை வாக்கியங்களைத்தானே ஒப்பிடுகிறார்கள், மொழிச் சிரமம் இரண்டிலும் சமம்தானே என்று நீங்கள் கேட்கலாம். சமமில்லை. குற்றத்தைப் பற்றிய வாக்கியத்தில்தான் சட்டச் சொல் வரும், பயமும் அங்கேதான் வரும். பயத்துக்கும் பாவை விரியும்.

பயம் என்றதும் நம்மில் பலருக்குக் கோட்டையில் உள்ள நாலாம் மாடிதான், அதாவது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை இடம்தான், நினைவுக்கு வரும். 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் சான்றாகக் காட்ட முடியாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்ததை ஏற்கலாம் என்றது. அப்படி ஒரு வழக்கில், தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரின் பெருவிரல் அடையாளம் சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலின் கீழே இருந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. அதனால் கண் கமராவின் முடிவு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகுமா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். "மெசினே சொல்லுது நீ பொய் சொல்றாய் என்று" என ஒரு தாளை முகத்துக்கு நேரே நீட்டினால், தூக்கமில்லாமல் இருக்கும் ஒருவர் எதில்தான் கையெழுத்து வைக்கமாட்டார்?

பக்கத்து இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2010இல், பொய் கண்டறியும் கருவிச் சோதனையையும் மூளை அலைச் சோதனையையும் ஒருவரின் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கண் சோதனை அந்தத் தீர்ப்பில் இல்லை, ஆனாலும் அதே கேள்விதான்.

வேலைக்கோ விசாரணைக்கோ உங்களை இப்படி ஒரு திரைக்கு முன்னால் இருக்கச் சொன்னால், சட்டத்தரணியோடு பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். வாக்கியங்கள் தமிழில் இருக்கிறதா, தமிழ் வாசிக்கிறவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கேட்டதையும், அவர்கள் சொன்ன பதிலையும், திகதி போட்டு எழுதி வையுங்கள்.